பாய்மரம் சாய்ந்த பக்கம்

படகைக் கழுவுவது, ட்ரெயிலர்ச் சில்லுக்குக் கிறீஸ் அடைப்பது, பாயை உப்புப் போக அலசிக் காயவைத்து மடிப்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே காட்டித் தந்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய ட்ரெயிலரை நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த ட்ரெயிலரே ஒரு நாள் நடுறோட்டில் வைத்துச் சொல்லித் தரும். அதற்கு நான் தேவையில்லை. வேலையை விட்டுவிட்டு குருநகரில் வீட்டோடு இருக்கிற என்னிடம், படகு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். யோசித்துப் பார்த்தபோது ஒரேயொரு மத்தியானம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதையே எழுதுகிறேன்.

எழுதுமுன் ஒன்று. எங்கள் வேலை ஆட்களுக்கு நடுவில் செய்கிற வேலை போலத்தான் வெளியே தெரியும். படகை ட்ரெயிலரில் கொண்டுவரும்போது சுற்றி நின்று பார்ப்பார்கள். பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தும்போது கை கொடுப்பார்கள். பாய் விரிந்து காற்று நிறைந்ததும் படகில் இருப்பவர்கள் போய்விடுவார்கள், பார்க்க வந்தவர்களும் போய்விடுவார்கள். வெறும் ட்ரெயிலரோடு கரையில் மிஞ்சுவது நீங்கள் மட்டும்தான். எப்போது திரும்பி வருவார்கள் என்று தண்ணீரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். என் மனைவி காலமான பிறகு வீட்டிலும் எனக்கு அதே நிலைதான். ஆனபடியால் கரையில் நிற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு வந்த தனிமை வேறு. அதற்கு எவரும் என்னைப் பழக்கவில்லை.

நான் குருநகரில் பைபர் படகு திருத்தும் கொட்டில் ஒன்று வைத்திருந்தேன். மீன்பிடிப் படகுகளோடு, பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களின் சின்னப் பாய்ப்படகுகள் சிலவும் என் பொறுப்பில் இருந்தன. அதில் ஒன்று வாசுகி என்ற பல் வைத்தியருடையது. நோர்வேயில் வேலை செய்தவர். அங்கேயே பாய்ப்படகு ஓட்டப் பழகி, அங்கேயே ஒரு படகை வாங்கி, கொள்கலனில் ஏற்றி இங்கே அனுப்பியிருந்தார். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறைக்கு வருவார். மிச்சக் காலம் முழுக்க அந்தப் படகு என் கொட்டிலில்தான். எவரும் ஏறாத படகைத் துடைத்து, கயிறு மாற்றி, சில்லைச் சுற்றிப் பார்த்து, திரும்பப் படங்குச் சீலையால் மூடி வைப்பேன். காற்றைப் பிடித்து ஓடுவதில் அவருக்கு இருந்த கெட்டித்தனம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது படகைக் கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அந்த வருடம் அவர் வந்தது ஆவணியில். தொண்டைமானாற்றில் கோயில் திருவிழாக் காலம். சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. வாடகைக்குப் பிடித்த பிக்கப்பில் படகைக் கொளுவி, பாய்மரத்தை நீளவாட்டில் படுக்கவைத்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி கட்டிப் புறப்பட்டோம். பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தை நெரிசலை ஊர்ந்து கடந்து, அச்சுவேலிப் பக்கம் திரும்பி, தொண்டைமானாறு போய்ச் சேர மத்தியான வெயில் ஏறிவிட்டது. வாசுகி முன் இருக்கையில் பிள்ளை மாதிரிச் சந்தோஷமாக இருந்தார்.

"இந்தக் காத்தைத்தான் அண்ணை, அங்கை குளிருக்கை நிண்டு நினைச்சுக்கொண்டிருப்பன்" என்றார்.

நாங்கள் படகு இறக்குகிற இடத்துக்குப் பெரிய றோட்டிலிருந்து ஓர் ஒழுங்கை போகும். ஒழுங்கையின் தலைப்பில் ஒரு வெளி. அங்கிருந்து சரிவாக இறங்கினால் கடல்நீரேரி. பாதி வழியில், பனைகளுக்குப் பின்னால் மறைந்து வந்து, உயர் அழுத்த மின்கம்பி ஒன்று ஒழுங்கையைக் குறுக்கே கடக்கிறது. அந்த வெளியில் நின்று பார்த்தால் கம்பி தெரியாது. பனைதான் தெரியும். நான் எப்போதும் அதைத் தாண்டி, தண்ணீர் விளிம்பில் வைத்துத்தான் பாய்மரத்தைத் தூக்குவேன்.

அன்று கரையில் தண்ணீர் வற்றிச் சேறாகிக் கிடக்கும் என்று எனக்குச் சந்தேகம். ட்ரெயிலர் புதையாமல் எந்த இடத்தால் இறக்கலாம் என்று பார்த்துவர வேண்டும்.

"டொக்டர், நான் கீழை போய்ப் பாத்திட்டு வாறன். பாய்மரத்தை இப்ப தூக்க வேண்டாம். வழியிலை மேலை கம்பி போகுது" என்றேன்.

கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையசைத்தார். நான் சொன்னதில் எது அவர் காதில் விழுந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பாய்மரத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன் என்பது மட்டும்தான் விழுந்தது என்று பிறகு சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

கீழே போய் நல்ல இடம் ஒன்று பார்த்து, சேற்றில் போட நாலைந்து பலகை இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பனைகளுக்கு இடையால் பாய்மரத்தின் நுனி நகர்ந்து வருவது தெரிந்தது.

அங்கே நடந்தது இதுதான். பிக்கப்பின் பின்சில்லு மணலில் புதைந்துவிட்டது. அக்கம்பக்கத்து மீன்பிடி ஆட்கள் உதவிக்கு வந்திருக்கிறார்கள். அத்தனை பேர் கைகொடுக்க நிற்கும்போதே பாய்மரத்தையும் தூக்கிவிட்டால் கரையில் சேற்றுக்குள் நின்று மல்லுக்கட்டத் தேவையில்லை என்று வாசுகி நினைத்திருக்கிறார். அவர் படகோட்டிப் பழகிய துறைகளில் அப்படித்தான் செய்வார்களாம். பாய்மரத்தை நிறுத்தி, ட்ரெயிலரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, முன்னால் ஒரு வடம் கட்டி, ஆட்கள் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். உதவி செய்ய வந்தவர்களுடைய உற்சாகம். ஏலேலோ போட்டு இழுத்தார்கள். சரிவு வேறு. ட்ரெயிலர் தன்பாட்டில் வேகம் பிடித்தது.

நான் கத்தினேன். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு மேலே ஓடினேன். இழுக்கிறவர்கள் எல்லாரும் குனிந்தபடி, நிலத்தைப் பார்த்தபடி. ஒருவர் மட்டும் நிமிர்ந்து, நான் வேகமாக இழுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். சில்லுக்கு அடை கொடுக்கக் கல்லைத் தேடினேன். மணலில் கல் இல்லை. பாய்மரமும் அலுமினியம், அதைத் தாங்குகிற கம்பிகளும் உருக்கு. இழுத்தவர்கள் எல்லாரும் வெறுங்கால். வியர்வையில் நனைந்த கைகள் படகிலும் ட்ரெயிலரிலும் பிடித்தபடி இருந்தன.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் படகின் விளிம்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கக் கயிற்றை வெட்டினால் பாய்மரம் மற்றப் பக்கம் சாயும். நான் படகின் வலது பக்கத்துக்கு ஓடி வந்துவிட்டேன். அந்தப் பக்கம் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசுகி பின்னால் வந்துகொண்டிருந்தார். இடது பக்கத்தைப் பார்த்தேன். படகுக்கு மேலால் ஒரு தலையும் தெரியவில்லை. அப்பால் பனையோலை வேலி. இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து வலது பக்கக் கயிற்றை வெட்டினேன்.

பாய்மரம் சாய்ந்தது. அடிக் கட்டை பிளந்த சத்தம் ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. அது வேலியை உடைத்துக்கொண்டு விழுந்தபோது, வேறொரு சத்தமும் கேட்டது. மனுசர் சத்தம்.

இடது பக்கம் ஒருவர் இருந்திருக்கிறார். தவம் என்ற மீன்பிடிகாரர். சில்லு மணலில் புதையாமல் இருக்க, சில்லடியில் குனிந்து தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். படகின் உடம்பு அவரை எனக்கு மறைத்துவிட்டது.

வடத்தை எல்லாரும் விட்டுவிட்டார்கள். ட்ரெயிலர் சற்று உருண்டு வேலியில் முட்டி நின்றது. வாசுகிதான் முதலில் ஓடினார். தவத்தின் தோளைத் தொட்டுப் பார்த்து, "காறையெலும்பு முறிஞ்சுபோட்டுது. தலை தப்பியிருக்கு" என்று சொல்லி, துவாயை மடித்து அவருடைய கையைக் கழுத்தோடு கட்டினார். கத்தி இன்னும் என் கையில் இருந்தது.

"ஓடிவந்து கயித்தை வெட்டிப்போட்டு நிக்கிறான் பார், விசரன்!" தவத்தின் தமையன் என் நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். "நல்லாத்தானே கொண்டுபோனனாங்கள்! உனக்கு என்ன வந்தது?"

"மேலை பாருங்கோ" என்றேன்.

சிலர் பார்த்தார்கள். கம்பி தன்பாட்டில் வானத்தில் கிடந்தது. சாய்ந்து கிடக்கிற பாய்மரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் அது எங்கேயோ உயரத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

தவத்தை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசுகியும் கூடப் போனார். திரும்பி வந்தபோது பின்னேரம். நான் உடைந்து வளைந்த பாய்மரத்தைக் கழற்றிப் படகில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?"

"கம்பி, டொக்டர். முட்டியிருக்கும்."

அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். "முட்டியிருக்குமோ? எனக்கு அப்பிடித் தெரியேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கொஞ்சம் கழித்து, "அந்தாளுக்கு மூண்டு பிள்ளையள். கையை நம்பிச் சீவிக்கிற மனுசன்" என்று சொல்லிவிட்டு உறவினர் ஒருவருடைய காரில் ஏறிப் போனார். அந்த வருடம் அவர் தண்ணீரில் இறங்கவேயில்லை.

வளைந்த பாய்மரத்தோடு படகை நான் தனியே இழுத்து வந்தேன். பிக்கப் ஓட்டிய பெடியன் வழி முழுக்க என்னோடு கதைக்கவில்லை. திருநெல்வேலிச் சந்தியில் ஆட்கள் படகைக் காட்டிச் சிரித்தார்கள். எங்கேயோ முட்டிக்கொண்டு வருகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கள் இதைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு விபத்து நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். நடக்காமல் போன விபத்தை நீங்கள் ஒருவர்தான் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் உடைத்த பாய்மரமும் நீங்கள் முறித்த எலும்பும்தான். அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னால் கிடப்பதைத்தானே பார்க்க முடியும்.

கதை குருநகருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கொட்டிலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைக்கிறவர்கள் நான் வந்ததும் வேறு கதைக்கு மாறுவார்கள். அதையெல்லாம் தாங்கலாம். எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, நானே என்னை நம்பவில்லை என்பது. வாசுகி சொன்னது சரியாக இருந்தால்? அந்தக் கம்பி உண்மையிலேயே உயரத்தில் இருந்தால்? அப்படியானால் ஒரு நல்ல மனிதனின் தோளை நான் சும்மா முறித்திருக்கிறேன். இதைக் கேட்க ஒருவரும் இல்லை. வீட்டில் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோவேன்.

ஒரு காலையில் பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போனேன். ஒழுங்கையில், வேலி உடைந்த இடத்தில் நின்று பார்த்தேன். கம்பி உயரமாகத்தான் தெரிந்தது. ஆனால் வெயிலுக்குக் கம்பி தொய்யும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனபடியால் அங்கேயே பனை நிழலில் இருந்தேன். மத்தியானம் வரை இருந்தேன். தொய்ந்தது போலவும் தெரிந்தது, என் கண் எனக்கு வேண்டியதைக் காட்டுவது போலவும் தெரிந்தது. முட்டியிருக்குமா, அருகால் போயிருக்குமா, முட்டாமலே மின்சாரம் பாய்ந்திருக்குமா? அந்த இடத்தில் அந்த நிமிடம் மட்டும்தான் அதற்குப் பதில் இருந்தது. அந்த நிமிடத்தை நான் வெட்டிவிட்டேன்.

அங்கிருந்து தவத்தின் வீடு கிட்ட. ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி கலா வாசல் படலையிலேயே மறித்து, "அவர் படுத்திருக்கிறார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அன்றும் அவர்தான் வந்தார்.

"என்னத்துக்கு அண்ணை சும்மா சும்மா வாறியள்? உங்களைக் கண்டா அவரின்ரை தோள் சுகமாகிடுமோ?"

"இல்லைப் பிள்ளை."

"பிறகு?"

திரும்பிப் போகலாம் என்று நினைத்தபோது உள்ளேயிருந்து தவத்தின் குரல் கேட்டது. "வரட்டும் விடு."

அவர் வேப்பமரத்தின் கீழ் வாங்குப் பலகையில் இருந்தார். ஒரு கையால் வலைக்கண் பின்ன முயன்றுகொண்டிருந்தார். மற்றக் கை இன்னும் கழுத்தோடு கட்டியபடி. நான் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தேனா, நியாயம் சொல்ல வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

"தவம், உன்னைக் காப்பாத்தினன் எண்டு சொல்ல நான் வரேல்லை. அது முட்டியிருக்குமோ எண்டு எனக்கே தெரியாது. இப்பவும் போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "நான் விழுந்து மல்லாக்கக் கிடந்தனான் அண்ணை. எனக்கு நேரை மேலை அந்தக் கம்பி. நோவுக்குள்ளையும் அதைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான். முட்டியிருக்குமோ எண்டு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனா கம்பி எனக்கு நேரை மேலை."

"உன்ரை தமையனுக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான். உனக்கு மயக்கம் எண்டு சொல்லிப்போட்டார்."

பிறகு அவர் என்னைப் பாராமல் கேட்டார்.

"ஒண்டு கேக்கிறன். நான் அந்தப் பக்கம் நிக்கிறது தெரிஞ்சிருந்தா, வெட்டியிருப்பியளோ?"

இத்தனை நாளும் எத்தனையோ கேள்விகளை என்னிடமே கேட்டிருந்தேன். இதை மட்டும் கேட்கவில்லை. இல்லை, உன்னைக் கண்டிருந்தால் வெட்டியிருக்க மாட்டேன் என்று சொல்வது சுலபம். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். படலையடியில் கலா நின்று கேட்டுக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் வடத்தைப் பிடித்துக் குனிந்திருந்த அத்தனை முதுகுகளும் கண்ணுக்குள் வந்தன. சிரித்த அந்த ஒருவருடைய முகமும் வந்தது.

"உன்ரை பேரைச் சொல்லிக் கத்தியிருப்பன்" என்றேன். "நீ விலகாட்டிலும் வெட்டியிருப்பன்."

சொன்ன பிறகு எழும்பிப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் இறுகியது. காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"என்ரை பேர் உங்களுக்கு அப்பத் தெரியாதே, அண்ணை."

உண்மை. அன்று என்னோடு நின்ற ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது.

தவத்தின் எலும்பு பொருந்தியது. ஆனால் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி வீச்சு வலை எறிய அவரால் பிறகு முடியவில்லை. வேறு மீன்பிடி முறைக்கு மாறினார். அந்த இழப்புக்கு நான் செய்யக்கூடிய எதுவும் ஈடாகாது என்பதை இருவரும் அறிவோம். அதனால் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. இடைக்கிடை போய் வேப்பமரத்தின் கீழ் இருந்துவிட்டு வருவேன். கலா முதலில் தேத்தண்ணி தரவில்லை. பிறகு தந்தார்.

அடுத்த வருடம் வாசுகி புதிய பாய்மரத்தோடு வந்தார். அவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்கிடையில் ஏதோ ஒன்று பழையபடி ஆகவேயில்லை. முன்பு மாதிரிச் சிரித்துப் பகிடி விட்டுக் கதைப்பது நின்றுபோய்விட்டது. ஆனால் ஒழுங்கைத் தலைப்பில் பிக்கப் நின்றதும் இறங்கி, தானே கம்பி வரைக்கும் நடந்து போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "கரையிலை வச்சே தூக்குவம் அண்ணை" என்றார். எனக்கு அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

கரையில் ஆட்கள் கூடினார்கள். தவத்தின் தமையன் வரவில்லை. தவம் வந்தார். எவரும் கூப்பிடவில்லை. படகைச் சுற்றிப் போய், மறுபடியும் இடது சில்லடியில் குந்தினார்.

"தவம், நீ முன்னாலை வந்து நில்."

"இல்லை அண்ணை. சில்லுப் புதையும், இஞ்சை ஆள் வேணும். நீங்கள் பேரைக் கூப்பிட்டுக் கேட்டிட்டு வேலையைச் செய்யுங்கோ."

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். உடைப்பதா, விடுவதா என்று முடிவு எடுக்க வேண்டிய நேரம் வந்தால் உங்களுக்குத் துணை இருக்காது. சரியாகத்தான் செய்தேனா என்பதும் தெரியாமலே போகலாம். அதை நான் மாற்றித் தர முடியாது. ஆனால் கயிற்றில் கை வைக்குமுன், வந்து நிற்கிற ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படகு பெரிய மறைப்பு.

அன்று பாய்மரத்தைத் தூக்குமுன் நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். முன்னால் வடத்தடியிலிருந்து ஒருவர், பின்னால் தண்ணீருக்குள் இருந்து ஒருவர், வாசுகி படகுக்குள்ளேயிருந்து, எல்லாரும் பதில் சொன்னார்கள். கடைசியாகத் தவத்தின் பெயரைச் சொன்னேன். காற்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பொறுத்து நின்றேன்.

"ஓம் அண்ணை, நிக்கிறன்" என்றது அவர் குரல், என் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து.